அபேயில் ஒரு கலியாணப் படம்

கூரை இல்லை என்பதுதான் சூசைதாசனின் முதல் முறைப்பாடு. எண்ணூறு வருடப் பழைய துறவிமடம், அபே என்று நம்பி லண்டன் நோர்பரியிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி வந்தால், ஒரு கிராமத்து வயலுக்கு நடுவில் மூன்று சுவரும் அரைவாசி வளைவும் நின்றன.

"வெள்ளைக்காரனுக்கு இதைக் கட்டி முடிக்க ஏலாமல் போச்சோ?" என்றார்.

இடத்தைத் தெரிவு செய்தவரே அவர்தான் என்று மனைவி எமில்டா சொன்னாள். மகள் டிலக்சனாவின் கலியாண அழைப்பிதழுக்கு ஒரு படம் தேவை. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா போதும் என்று மகளும் மாப்பிள்ளை ஜெனோசனும் கெஞ்சிப் பார்த்தார்கள். ஆனால் மகள் அரசி மாதிரி நிற்கப்போகிறாள் என்று அவர் ஏற்கெனவே கோயில் முழுக்கச் சொல்லியாயிற்று.

வளைவுக்குக் கீழேதான் எடுக்க வேண்டும் என்று படப்பிடிப்பாளர் மேர்வினை இழுத்து வந்தார். அங்கே, சுவரில் ஏறவேண்டாம் என்றொரு பலகை. அது படத்தில் விழாமலிருக்கத் தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார். கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட் விழுந்தது. ஒரு செம்மறியாடு வந்து மோந்தது. அதை விலத்த ஒரு பிஸ்கட்டைத் தூர எறிந்தார். மந்தை முழுவதும் வந்து சேர்ந்தது.

குடையை விரித்து விரட்டினார். ஆடுகள் மணப்பெண் நின்ற பக்கமாகவே ஓடின.

வெள்ளைக் கவுணோடு டிலக்சனா சேற்றில் விழுந்தாள். ஜெனோசன் சிரித்துவிட்டான். அவள் எழும்பி, மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

மண்டபம் பேசியாயிற்று, பங்குச் சுவாமியார் திகதியும் குறித்துவிட்டார். சூசைதாசன் மகளுக்குப் பின்னால் ஓடி, பிழையெல்லாம் தன்னுடையதுதான், அவனில் கோபிக்காதே என்று மன்றாடினார். அப்பா பிழையை ஒத்துக்கொண்டதை அவள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. அந்த அதிசயத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோதிரம் திரும்ப விரலில் ஏறியது.

சூசைதாசன் மேர்வினிடம் தயங்கித் தயங்கிப் போனார்.

"தம்பி, உடுப்பு பழுதாப் போச்சு. இன்னொரு நாளைக்கு வருவமோ?"

"தேவையில்லை அண்ணை. காராலை இறங்கேக்குள்ளயே ரெண்டு பேரின்ர முகத்தையும் எடுத்திட்டன். மிச்சத்துக்கு நான் எப்பவும் கொம்பியூட்டரில இருக்கிற அபேயைத்தான் போடுறனான். இது கொஞ்சம் கூடுதலா இடிஞ்சிருக்கு."