பேய்களுக்குப் பெரட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோர்வூட் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அத்தனை பேரும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் வருகிறார்கள். கொட்டகலையிலிருந்து ஆட்டோ பிடித்தும் வருகிறார்கள். என்ன அதிசயம்? வேலைக்குப் போகிறவர்கள் முன்பு குழந்தைகளை விட்டுப்போன, இப்போது பாழடைந்த பிள்ளைக்காம்பராவில் கந்தப்ப சாமி பேய்களுக்குப் பெரட்டு வைக்கிறார்.

விடிந்ததும் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று விரட்டுவதுதான் பெரட்டு. நாற்பது வருசம் அதில் நின்றவன் நான். பேய்க்கும் அதே சட்டம்தான் என்று கண்டுபிடித்தவர் சாமி.

“சோக முனி வந்திருக்கா?”

முனி பிடித்த பெண் தலையை ஆட்டுவாள்.

“அஞ்சாம் நம்பர் மலைக்குப் போ! நேத்து பாதியில திரும்பி வந்துட்டயில்ல? ஒனக்கு அரைப்பேர்!”

அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். பேய்க்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை கொழுந்தில் ஒரு கிலோ வெட்டினால் தராசை விட்டு நகராத பெண்கள், இங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

மனவருத்தம்தான் சாமியின் தனித்திறமை. அழுகிறவர், தூங்காதவர், வேலைக்கு எழும்பாதவர் எல்லாருக்கும் சாந்தப்பொடி. சாம்பல் நிறம், காலையில் ஒரு கரண்டி. ஒரே நிபந்தனை: ஆஸ்பத்திரி மாத்திரை வைத்திருப்பவர்கள் அதைக் கடதாசி உறையோடு கொழுந்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். அதை முனி தின்றுவிடுமாம்.

என் மருமகள் நிஷாந்தியின் மாத்திரையும் அந்தக் கூடைக்குத்தான் போனது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். சோறு இல்லை, பேச்சு இல்லை. ஒரு நாள், “நான் இல்லாட்டி எல்லாருக்கும் லேசு மாமா” என்றாள். மகன் கொழும்பில். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மாவையும் நான் நம்பவில்லை. “இது என்ன கெடுதல் செய்யும்? அத மொதல்ல சொல்லுங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினார். தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும். தலை வலிக்கும், தூக்கம் கெடலாம். குணம் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். ஒன்று கேட்காவிட்டால் வேறு மாற்ற வேண்டும். “வயசு கொறஞ்ச சிலருக்கு ஆரம்பத்துல சாகுற எண்ணம் கூடக்கூடும். தனியா விடாதீங்க, அப்படி ஏதும் சொன்னா ஒடனே கொண்டு வாங்க. நல்லாயிட்டான்னு நீங்களா திடீர்னு நிப்பாட்டிராதீங்க. பால் குடுக்கிறதுக்கு ஏத்ததாத்தான் எழுதியிருக்கேன்.”

தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். அப்படியும் வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையை நக்கிப் பார்த்தேன். நாக்கு மரத்துப்போகிற கசப்பு.

ஆறாவது வாரம் நிஷாந்தி பைப்படியில் பக்கத்து லயத்து வீட்டுக்காரியோடு தண்ணீருக்குச் சண்டை போட்டாள். அந்தத் திட்டைக் கேட்டு நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். சுவரைப் பார்த்தவள் ஊரைத் திட்டுகிறாளே!

அந்த நேரம் பார்த்து வந்தாள் அவள் அம்மா ராசம்மா. “மாத்திர திங்கிறவளப் பைத்தியம்னு பேசுறாங்கண்ணே.” நான் வெளியே போயிருந்தபோது மகளைச் சாமியிடம் இழுத்துப்போனாள். மாத்திரை கூடையில் விழுந்தது. நிஷாந்திக்கு மூன்று ஞாயிறு விரதம், அதற்கப்புறம்தான் பொடி. முழங்கால் வலிக்கு என்று ராசம்மா மட்டும் அன்றைக்கே பொடி வாங்கிக்கொண்டாள்.

நாலே நாளில் நிஷாந்திக்குத் தலை சுற்றியது, வாந்தி வந்தது, மண்டைக்குள் கரண்ட் அடித்தது.

“முனி போறப்ப ஒதைக்கும்” என்றார் சாமி.

பொடி தின்ற ராசம்மாவுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. சும்மா இருக்க முடியாமல் லயத்திலுள்ள அத்தனை பேர் துணியையும் துவைத்தாள்.

“அம்மன் எறங்கியிருக்கா” என்றார் சாமி.

பத்தாம் நாள் நிஷாந்தி மறுபடி சுவரைப் பார்த்தாள். “வா தாயி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன்.

“வேணாம் மாமா. மாத்திரையத் தொட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு சாமி சொல்லியிருக்கு.”

நான் வாசலை விட்டு நகரவில்லை. அங்கேயே உட்கார்ந்து ராசம்மாவின் பொடியை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். அதே கசப்பு. அதே மரப்பு. முனி தின்றது இங்கேயல்லவா இருக்கிறது!

மூன்றாம் ஞாயிறு. ராசம்மா மகளை வரிசையில் நிறுத்தியிருந்தாள். பெரட்டின் நடுவில் நான் கை தூக்கினேன்.

“சாமி, போன ரெண்டு ஞாயிறும் ஒங்க கூடையில பேதி மாத்திர போட்டேன். நோர்வூட் ஹலீம் கடைச் சரக்கு. யானைக்கே தாங்காது.”

“அண்ணே, வாய மூடுங்க!” என்றாள் ராசம்மா.

“முனிதானே தின்னுச்சு? வயித்தால போனா அது முனி பாடு. பொடி வெறும் திருநீறுதானே? மூணு கரண்டி எல்லாருக்கும் முன்னால தின்னு காட்டுங்க.”

“நான் வெரதம்.”

“எத்தன மணிக்கு முடியும்? உக்காந்திருக்கேன்.”

சாமி கரண்டியைப் பார்த்தார். பொடியைப் பார்த்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் வழிந்தது. கடைசியில் குரலை இறக்கிக் கேட்டார்:

“எந்த ஒறையில போட்டீங்க?”

பதில் சொன்னவள் நிஷாந்தி.

“முனி தின்னதுக்கு ஒங்களுக்கு எதுக்குங்க ஒறைக் கணக்கு?”

ஆஸ்பத்திரி வேண்டாம் என்றதற்கப்புறம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

கூட்டத்தில் நின்றவர்கள் பின் அறைக் கதவைத் தள்ளினார்கள். ஒரு கிரைண்டர். ஒரு மூட்டை சாம்பல். கிளினிக் கடதாசி உறைகள் ஒரு குவியல். எல்லாவற்றிலும் பேர் எழுதியிருந்தது. மனசுக்கு, பிரஷருக்கு, சீனி வியாதிக்கு என்று கொடுத்த மாத்திரை எல்லாம் ஒரே கிரைண்டரில் அரைபட்டிருக்கிறது. பொடி தின்றவனுக்கு எது குணம் தந்தது, எது கெடுத்தது என்று அந்த முனிக்கே தெரியாது. ராசம்மா மேல் இறங்கியது அம்மனில்லை, அடுத்த வீட்டுக்காரியின் மாத்திரை.

அப்போது ஒருவன் வயிற்றைப் பிடித்தான். “ஐயோ, நான் காலையிலதான் தின்னேன்!” அடுத்தவள் பிடித்தாள். நாற்பது பேர் கக்கூசுக்கு ஓடினார்கள். அதில் அரைவாசிப் பேர் போகும் வழியிலேயே முடித்துவிட்டார்கள். சாமியும் ஓடினார், கக்கூசையும் தாண்டி ஓடினார். மேல் ரோட்டில் வைத்துப் பிடித்துப் பொலிசில் கொடுத்தார்கள்.

நான் கூடையில் என்ன போட்டேன்? ஒன்றுமில்லை. ஒரு வெற்றிலைக் காம்புகூட இல்லை.

மறுநாளே நிஷாந்தி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். கிழமைக்கு ஒரு தடவை உட்கார்த்திப் பேசவும் செய்கிறார். நேற்றுப் பைப்படியில் மறுபடி சண்டைச் சத்தம் கேட்டது. நான் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

ராசம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அண்ணே, பொகவந்தலாவப் பக்கம் இன்னொரு சாமி வந்திருக்காராம். இவரு பொடியே குடுக்கிறதில்லையாம்.”

“அவரு வைத்தியம் என்ன கெடுதல் செய்யும்னு கேட்டியா?”

“சாமி எப்படிண்ணே கெடுதல் செய்யும்?”

பேய்க்கெல்லாம் பெரட்டு வைத்த சனங்களே, ஒரு நாளாவது உங்கள் மூளையைப் பெரட்டுக்குக் கூப்பிடுங்கள். முழுப்பேர் வேண்டாம், அரைப்பேருக்காவது வேலை செய்யட்டும்.