ரசமட்டம் வெளியே நின்ற நாள்

எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் கடவுளுக்குப் பயப்படாத ஆளுண்டு, போலீசுக்குப் பயப்படாத ஆளுண்டு. ரசமட்டத்துக்குப் பயப்படாத சுவர் மட்டும் கிடையாது. தளம் சரியாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் காற்றுக்குமிழி ஓடும் சின்னக் கட்டை, அதுதான் ரசமட்டம். அதைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகச் செருகிக்கொண்டு திரிந்ததால் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் அதே பேர் வந்துவிட்டது. சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

பொதுமராமத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் தலையை அண்ணாந்துகொண்டுதான் நுழைவார். ஊரில் பாதிப் பேருடைய முகம் அவருக்குத் தெரியாது, அவர்கள் வீட்டுக் கூரை தெரியும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் காட்டி யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். "வடக்குச் சுவத்துல ஓதமடிக்கிற ஊட்டுப் பையந்தானுங்களே" என்றார். பெண் வீட்டார் காதில் அது விழுந்து, பந்தியில் பாதிப் பேர் அந்த வடக்குச் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைப் பரிசோதிக்க வந்தால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கையோடு கொண்டுவந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்து குடிப்பார். இதென்ன வீம்பு என்று கேட்டதற்கு, "ஒரு வாய் காப்பி போதுமுங்க, விரிசல் பாதியாச் சுருங்கிப்போயிரும்" என்றார்.

எங்கள் மண் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் சித்திரையில் வாயைத் திறந்து ஐப்பசியில் மூடிக்கொள்ளும். எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: திறந்தால் சுண்ணாம்புப் பட்டி வைத்துப் பூசு, மூடினால் குணமாகிவிட்டது என்று சொல். அப்படி வருஷா வருஷம் பூசிய ஒரு வீட்டுக்கு ரசமட்டம் போனார். விரிசலை நகத்தால் சுரண்டி, இது பெண் கல்யாணத்துக்கு அடித்த ரோஸ், இது அதற்கு முந்தின தேருக்கு அடித்த பச்சை, இது பால் காய்ச்சின நாளில் அடித்த மஞ்சள் என்று அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தையே சொல்லி முடித்தார். அந்த வீட்டுக்காரர் அசந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பூசப் பூச ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வாய் பிளக்கிற சுவரைப் பூசவே கூடாது, பார்க்கத் தெரிந்தவனைக் கூப்பிடவேண்டும் என்பது அவர் கட்சி. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டிவிட்டு வந்தார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும் என்று கணக்கு. மூன்று மாதம் கழித்துப் போனால் கண்ணாடி உடைந்திருந்தது. உடைந்த துண்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு செம்பருத்தியும் சாத்தியிருந்தார்கள். "சாமி இல்லீங்க, இது சாட்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீடு வாங்கப் போன வாத்தியார் ஒருவர் ஐப்பசி அடைமழையில் இவரைக் கூட்டிப் போனார். சுவரெல்லாம் பளபளவென்று இருந்தது. இவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சித்திரையில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். விற்கிறவர், வீடு வாங்க வந்தீர்களா ஜாதகம் பார்க்க வந்தீர்களா என்று குதித்தார். சித்திரையில் நானும் கூடப் போனேன். ஐப்பசியில் இல்லாத விரிசலுக்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்கும் முறை வந்தது. என் மகளுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அதற்குள் மாடியில் ஒரு அறை எடுத்துவிட ஆசை. வீட்டைக் கட்டியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். மாடியையும் அவரே கட்டுவதாக ஏற்பாடு. எதற்கும் ரசமட்டம் ஒருதரம் பார்க்கட்டுமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, எங்கண்ணன் கட்டுன ஊட்டை ஊரான் வந்து தட்டிப் பாக்கோணுமா?" என்றாள் என் மனைவி. அன்றைய குழம்பில் உப்பில்லை.

ரசமட்டம் வந்தார். தட்டினார், மோந்தார், மூலையில் ஆள் இறங்குகிற அளவு குழி தோண்டச் சொல்லித் தானே இறங்கினார். முழங்கால்வரை மண்ணோடு ஏறி வந்தவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"அஸ்திவாரக் கடைக்கால் கெட்டிச் சரளை வரைக்கும் எறங்கலீங்க. கருமண்ணுலயே நின்னுபோச்சு. மேல ஒத்தைச் செங்கல் ஏத்தாதீங்க. அந்தக் கன்னிமூலை ரூமுல யாரு படுக்கறது?"

"என்ற மகளுங்க."

"இன்னைக்கே கட்டிலை வேற பக்கம் போட்டுருங்க."

ஆறு வயதிலிருந்து அவள் அந்தச் சுவரோரமாகத்தான் படுக்கிறாள். அவள் வளர வளர உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்ததும் அதே சுவரில்தான்.

விஷயம் தெரிந்து மச்சான் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தெருவே கூடிவிட்டது. "ஊரான் ஊட்டையெல்லாம் கொறை சொல்றீங்களே, உங்க ஊட்டை யாரு பாத்தா? நீங்களே கட்டி, நீங்களே பாஸ் போட்டுக்கிட்டதுதானுங்க?" என்று கேட்டார். ரசமட்டம் பதிலுக்குக் குரல் உயர்த்துவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நாயமுங்க. கட்டுனவன் பாத்தாச் செல்லாது. ஞாயித்துக்கெழமை எல்லாரும் எங்கூட்டுக்கு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து இறங்கினார். முன்பின் பழக்கமில்லாத ஆளாகத் தேடிப் பிடித்து, தான் என்ன வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லாமல் வரவழைத்திருந்தார் ரசமட்டம். இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டையோடு தம் வீட்டுக்கு வெளியே ரோட்டில் வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்களேன் என்று அந்தப் பெண் கூப்பிட்டும் நகரவில்லை. பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி இருந்தார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினார். பின்னால் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல், கீழே தரைவரை ஓடியது. காரணத்தைத் தேட அந்தப் பெண் வெகுதூரம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஆறடி தள்ளி, காய்த்துத் தொங்கிய மாமரம் நின்றது. வெயில் காலத்தில் வேர் கரிசலின் ஈரத்தையெல்லாம் இழுத்துவிடுகிறது, மண் சுருங்குகிறது, சுவர் இறங்குகிறது. மரத்தை எடுக்காமல் சுவரைச் சரிசெய்து பிரயோஜனமில்லை என்று வாசலுக்கு வந்து சொன்னார். இதே பாடத்தை ரசமட்டம் எத்தனை வீட்டில் நடத்தியிருப்பார், எத்தனை மரத்தைச் சாய்க்கச் சொல்லியிருப்பார். அந்த மாமரம் காலமாகிவிட்ட அவர் மனைவி வைத்தது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"சரிங்கம்மா, எடுத்தர்றேன்" என்றார் ரசமட்டம்.

ஜெயித்துவிட்ட மச்சானின் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, உங்களுக்கு இது தெரியாதுங்களா?"

"தெரியாம என்னங்க. தெரிஞ்சுதான் காலண்டரை மாட்டி வச்சேன். அவுங்கவுங்க ஊட்டுல எல்லாரும் அப்பிடித்தானுங்க. அதுக்குத்தானுங்க வேத்தாளு வேணும்."

அடுத்தவர் குறையைச் சொல்லத் தைரியம் தேவையில்லை, அந்தப் பழக்கம் எனக்கே ஏராளமாக உண்டு. தன் குறையைச் சொல்ல ஆள் வைத்து, ஊரையும் கூப்பிட்டு, குடையோடு வெளியே நின்ற ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் காலில் விழுந்திருந்தாலும் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் மச்சான் தனியாக வந்து எங்கள் வீட்டுக் குழியில் இறங்கினார். ரொம்ப நேரம் கழித்து ஏறி வந்து, "மழை வந்துருமுன்னு அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன் கண்ணு" என்று தங்கையிடம் சொன்னார். மாடி ஆசையை விட்டோம். அந்தக் கோடை முழுக்க மச்சான் கன்னிமூலையை மூன்றடி மூன்றடியாகத் தோண்டிச் சரளை வரைக்கும் கடைக்காலை இறக்கினார். ரசமட்டம் மேலே நின்று அதட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருநாள் மட்டும் பாலக்காட்டில் வேலையிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் மச்சான் மாமரத்தை வெட்டி இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் என் மனைவி ஒரு காய்கூடக் கீழே விழாமல் பறித்து ரசமட்டத்தின் சமையலறையில் அடுக்கி வைத்தாள்.

இந்தத் தொழிலில் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் சுவர் விழவில்லை. விட்டிருந்தால் விழுந்திருக்குமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவருக்கு யாரும் மாலை போடவில்லை, நானும் போடவில்லை.

பண்டிகைக்கு மகள் வந்தால் அதே கன்னிமூலை அறையில், அதே சுவரோரம்தான் படுக்கிறாள். ஒன்பது மணிக்கு முன் எழுந்திருப்பதில்லை. ரசமட்டம் ஏழு மணிக்கே என்னைப் பார்க்க வந்துவிடுவார். வந்ததும் அந்தக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பிறகு, ஊரையே அதட்டுகிற அந்த மனிதர், பிள்ளை எழுந்துவிடப் போகிறாள் என்று, எனக்கே கேட்காத குரலில் பேசிக்கொண்டிருப்பார்.