றோசம்மாவின் பயிற்றங்கொடியும் நான் பிடித்த பூச்சிகளும்

பயிர் விஷயத்தில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். அது பொய். ஒருமுறை தோற்றிருக்கிறேன். அதுவும் பத்து மீன்பெட்டிகளிடம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதிநாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல்லு வெட்டினேன்.) ஆனால் பண்டத்தரிப்பில் குத்தகைக் காணியில் புகையிலையும் வெங்காயமும் போட்டு, சொந்தக் காணியும் கல்வீடும் கண்டவன். வயது போனபின் மகள் என்னைக் குருநகரில் தான் வாடகைக்கு இருக்கும் மேல்வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கீழே வீட்டுக்காரி றோசம்மா, சந்தையில் மீன் விற்றவள். மொட்டைமாடியில், மீன் வருகிற, பஞ்சுபோல இலேசான வெள்ளை றிஜிபோம் பெட்டிகளில் பயிற்றங்காய் போட்டிருந்தாள். கொடிகள் மஞ்சளடித்துக் கிடந்தன.

"அண்ணை, நீங்கள் தோட்டக்காரர்தானே. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

அவளுடைய மகன் கடலில் படகு பழுதாகி, நாலு நாள் காணாமல் போய்த் திரும்பியிருந்தான். அதற்கு நேர்த்தி வைத்திருந்தாள்: முதல் காயில் ஒரு ஓலைக் கடகம் அந்தோனியார் பெருநாளுக்கு. பெருநாளுக்கு இன்னும் ஐந்து கிழமை.

ஒரே பார்வையில் பிடித்துவிட்டேன். பெட்டிகளில் ஓட்டையே இல்லை. வேர் தண்ணீரில் நின்று அழுகியது. ஆணியைச் சுட்டு, அடியோடு ஒட்டிச் சுற்றிவர ஓட்டை போட்டேன். ஆட்டெருவும் மணலும் கலந்து மேலே பரவினேன். இரண்டு கிழமையில் கொடி பந்தலைப் பிடித்தது. குருநகர் முழுக்க என் புகழ். (நான்தான் பரப்பினேன்.)

அதன்பிறகு அழுக்கணவன் வந்தது. கொழுந்திலும் பூக்காம்பிலும் எள்ளைக் கொட்டியதுபோல ஒட்டியிருந்து சாறு குடிக்கிற பூச்சி. அதற்குள் வேறொன்றும் நடமாடியது: சாம்பல் நிறம், முதுகில் செம்மஞ்சள் பொட்டு, அரிசியளவு முதலை. பார்க்கவே அருவருப்பு.

"இதென்ன அண்ணை?"

"உதுதான் தாய். குஞ்சுகளை இறக்கிப்போட்டுக் காவல் நிக்குது. தாயைப் பிடிச்சால் மிச்சம் தன்ரை பாட்டிலை சாகும்."

"சவுக்காரத் தண்ணி அடிச்சால் என்ன எண்டு…"

"சவுக்காரம் சட்டைக்கு. நீ பேசாமல் இரு பிள்ளை."

மண்ணெண்ணெய் டின் ஒன்றை வைத்துக்கொண்டு முதலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். ஒன்பது பெட்டி முடிய மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். கணவாய்க் கறி. பத்தாவது பெட்டியை நான் மறந்தே போனேன்.

எட்டாம் நாள் றோசம்மா என்னை மாடிக்குக் கூட்டிப் போனாள். ஒன்பது பெட்டியிலும் கொழுந்து கறுத்துச் சுருண்டு, பூவெல்லாம் கொட்டுண்டு கிடந்தது. பத்தாவது மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. அதில் சாண் நீளத்துக்குப் பிஞ்சு.

"அண்ணை, உந்தப் பெட்டியிலை நீங்கள் கை வைக்கேல்லை, என்ன?"

அந்தப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். அவள் தன் கண்ணாடியைக் கழற்றித் தந்தாள். இலைக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்.

முதலை வந்தது. ஒரு அழுக்கணவனைக் கவ்வி அப்படியே தூக்கியது. உறிஞ்சியது. வெறும் தோலைப் போட்டுவிட்டு அடுத்ததிடம் போனது. அவசரமும் இல்லை, ஓய்வும் இல்லை. பக்கத்து இலையில் ஒன்று அசையாமல் முடங்கியிருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்றின் முதுகு பிளந்து, ஈர மஞ்சளாய் ஒரு வண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அந்த மஞ்சள் சிவந்து, கறுப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. உள்ளேயிருந்து யாரோ வைக்கிற மாதிரி. நாற்பது வருடம் தோட்டம் செய்தவன் நான். முதுகில் மருந்தடிக்கிற தாங்கியோடு நடந்தேனே தவிர, ஒரு இலைக்கு முன்னால் இப்படி இருந்ததில்லை.

"சேசுவே," என்றாள் றோசம்மா.

"முருகா," என்றேன் நான்.

"காவல் நிண்டது உண்மைதான் அண்ணை," என்றாள். "எங்களுக்கெல்லோ காவல் நிண்டது!"

மிஞ்சிய முதலைகளை இலையோடு நுள்ளி, மற்றப் பெட்டிகளில் குடியேற்றினேன். (அவள் பார்க்காதபோது கையும் கூப்பினேன்.) கொடிகள் தப்பின. ஆனால் பெருநாளுக்குக் காய்க்கவில்லை. அன்று விடியப் பத்தாவது பெட்டியில் பறித்தது பதினொரு காய்.

"சந்தையிலை வாங்கி நிரப்பித் தாறன்," என்றேன்.

முறைத்தாள். "அந்தோனியாருக்குச் சந்தைக் காயோ? கடகம் எண்டுதான் நேந்தனான். எவ்வளவு பெரிசு எண்டு சொல்லேல்லை."

பிள்ளைகள் விளையாடுகிற ஓலைக் கடகம் ஒன்றை எடுத்தாள். பதினொரு காயும் அதற்கு வெளியே முழ நீளம் நீட்டிக்கொண்டிருக்க, தலைநிமிர்ந்து கோயிலுக்குள் போனாள். பின்னால் அவள் மகன். அவனுக்கும் பின்னால், சைவக்காரன் நான், செருப்பைக் கழற்றிவிட்டு.

போன மாதம் பேர்த்தி தான் கட்டப்போகிற பொடியனைக் கூட்டி வந்தாள். சடைத் தலை, தாடி, காதில் தோடு. நான் வாய் திறக்கமுன், அவன் படியேறியதைக் கண்ட றோசம்மாவின் சத்தம் கீழ்வீட்டிலிருந்து:

"அண்ணை, டின்னைக் கீழை வையுங்கோ! உவர் இன்னும் வண்டாகேல்லை!"

வீடே சிரித்தது. பொடியன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நானும் அவனை, அவசரப்படாமல், வடிவாகப் பார்த்தேன்.