கிடைத்தது, நன்றி

புது மிஷின் வாங்கியவன் நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. தொண்ணூறுகளில் நான் தாம்பரத்தையே ஒரு வழி பண்ணினேன்.

நான் ஹாம் ரேடியோக்காரன். வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசும் பைத்தியம். அந்த ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். கீச்சென்று ஒரு சத்தம். பாண்டிச்சேரியில் தட்டிய செய்தி என் திரையில் வந்து விழும். நான் இல்லாவிட்டாலும் “கிடைத்தது. ஆவன செய்கிறேன். நன்றி” என்று இங்கிலீஷில் அதுவே பதில் அனுப்பும். (வாசகம் அடியேனுடையது.) முதல் தடவை பார்த்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“இனிமே மனுஷனே வேணாம் அக்கா!” என்றேன், வண்டலூர் ஸ்டெல்லா அக்காவிடம். அவரும் ஹாம், ஆனால் மைக்கில் பேசுவதோடு சரி.

“ஆவன யாருப்பா செய்வாங்க? கம்ப்யூட்டரா?” என்றார். சிரித்து வைத்தேன்.

அப்போது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பாண்டிச்சேரி, அவரும் ஹாம். (ஜாதகத்தைவிட இதுதான் பொருந்தியது.) ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்தால்தான் தட்டு மாற்றுவார்கள்.

சனிக்கிழமை அடைமழை. போன் செத்துக் கிடந்தது. நான் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். இடுப்புத் துண்டோடு கதவைத் திறந்தால், வருங்கால மாமனார், மாமியார், குடையோடு ஸ்டெல்லா அக்கா!

“மழை வலுக்குது, இன்னிக்கே வர்றோம், பெருங்களத்தூர் ஸ்டாப்புக்கு வாங்கன்னு மெசேஜ் அனுப்பினேன் தம்பி,” என்றார் மாமனார். “கீபோர்டுலேர்ந்து கை எடுக்கல, ‘கிடைத்தது’ன்னு பதில் வந்துடுச்சு. எந்த மாப்பிள்ளை இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வான்? சந்தேகப்பட்டு மைக்ல கூப்பிட்டேன். இவங்க காதுலதான் விழுந்துச்சு.”

“உனக்கு போன் போகல. நானே ஸ்டாப்புக்குப் போயிட்டேன்,” என்றார் அக்கா.

சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். மாமனாரோ நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து வாயைப் பிளந்தார். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்களை மாதிரியே ஒண்ணு,” என்று பெருமூச்சு விட்டுக் காபி கேட்டார்.

மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போய், அன்று மாமனார் குரலைப் பிடித்த அவர் ரேடியோவைக் கேட்டேன். அப்பளம் பொரிகிற இரைச்சல்தான்.

“இதுல ஆள் எங்கக்கா?”

“கேளு. ஒருத்தர் மூச்சு வாங்கிட்டு திரும்பக் கூப்பிடறார்.”

வெகுநேரம் கழித்து, அடியாழத்தில் ஒரு குரல் இருப்பது எனக்கும் கேட்டது. இந்த இரைச்சலுக்குள்ளா என் கல்யாணத்தைக் கண்டுபிடித்தார்!

இன்றும் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் நான் “சரிம்மா” என்றால், என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்:

“இப்ப சொன்னது நீங்களா, மிஷினா?”