சுகந்தி வளைவு

நான்கு வருஷமாகக் குழந்தைவேலின் ஜீப்பில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் ஏறுவதில்லை. ஏறாவிட்டால் போகட்டும், மலையில் ஜீப்புக்கா பஞ்சம்? அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு ரோட்டோரம் ஒதுங்குகிறார்களே, அதுதான் அவருக்கு ஆறவே ஆறாத சங்கதி. மாரமங்கலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர். காப்பி மூட்டை, மிளகு மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்ச்சல்காரர்கள், தாலி கட்டிய கையோடு மாலையும் கழுத்துமாக வந்த ஜோடிகள் என்று அவர் ஏற்றாத பாரம் இல்லை. ஒரு கோழிக்குஞ்சைக்கூடப் பாதி வழியில் இறக்கிவிட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது?

டிவிப் பெட்டியிலிருந்து வந்தது. வந்ததைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஓர் இனம். அந்த இனத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. திரைக்குள் ஒருத்தி செய்த பாவத்துக்குத் திரைக்கு வெளியே அவளைத் தண்டிக்கிறவர்கள் இவர்கள். எஸ்டேட் முதலாளி, கணக்கெழுதும் ரைட்டர், காப்பிப் பழம் பறிக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஏற்றத்தாழ்வு பாராமல் எல்லோரும் ஒன்றாகச் சேரும் ஒரே கூட்டம் இந்த நாட்டில் இதுதான். வேஷம் வேறு, வேஷம் போட்ட ஆள் வேறு என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ‘அதுகூடத் தெரியாதா எங்களுக்கு?’ என்பார்கள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்கள்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கைப் பார்க்க வேண்டுமா? மாரமங்கலத்துக்குப் போய் வெள்ளையன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மாலை ஏழரையிலிருந்து எட்டுக்குள் மட்டும் தட்டாதீர்கள், திறக்கமாட்டார். இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், அறுபது வயசு, ஊரில் நாலு பேர் கேட்டு நடக்கும் வாய். குழந்தைவேலின் பெண்டாட்டி கண்ணாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்த ஏழரை மணிக்கு முன்பு ஓடிய சீரியலில் மருமகளின் நகையையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்ட ஒரு மாமியார் வருவாள். அவள் வாயைத் திறந்ததும் வெள்ளையன் சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிடுவார். “கத்தட்டும், தொண்டத் தண்ணி வத்தக் கத்தட்டும். இங்க யாரு கேக்கறா?” அந்த அம்மாள் ஒரு சோப்பு விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு வந்ததற்காக வீட்டில் பாதி கரைந்திருந்த சோப்பைக் காப்பிச் செடிகளுக்குள் வீசியவர் அவர். அதே அம்மாள் வேறொரு சானலில் அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் புண்ணியவதியாக வந்தபோதாவது மனசு இளகியதா? “பாத்தியா, அங்க போயி நல்லவளாட்ட நடிக்கிறா. நம்மகிட்டயேவா?” என்று கேட்டார். அவருடைய அகராதியில் கெட்டவளாக வந்தால் அது நிஜம். நல்லவளாக வந்தால் அது நடிப்பு. இதை எந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு செய்வது?

சரி, குழந்தைவேல் எப்படி மாட்டினார் என்பதைக் கேளுங்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீரியல்காரர்கள் படம்பிடிக்க ஏற்காட்டுக்கு வந்தார்கள். ஜீப் டிரைவராக நடிக்கக் கூட்டிவந்த ஆள் கொண்டை ஊசி வளைவு இருபதிலும் வாந்தியெடுத்துவிட்டு லாட்ஜில் சுருண்டுவிட்டான். மேனேஜர் ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருக்கும் ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து, “பெரிய மீசை வெச்ச டிரைவர் யாருங்க?” என்றார். டீக்கடை சிக்கந்தர் பாய் கையில் இருந்த வடிகட்டியாலேயே குழந்தைவேலைக் காட்டினார். அவ்வளவுதான் விதி.

காட்சி இதுதான். மாரமங்கலம் ரோட்டில் ஒரு வளைவு, சுற்றிலும் பனி, ஜீப்புக்குள் மாமியார். அவள் கண்ணைக் காட்டியதும், நிறைமாதமான மருமகள் சுகந்தியை டிரைவர் கையைப் பிடித்து இழுத்து, “எறங்குடி கீழே!” என்று ரோட்டில் தள்ளிவிட்டுப் போய்விட வேண்டும். இந்த இரண்டு வார்த்தைக்குக் குழந்தைவேல் பதினோரு தடவை வாய் திறந்தார். முதல் பத்துத் தடவையும் “எறங்குங்கம்மா கீழே” என்றுதான் வந்தது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சுகந்தியாக நடித்த பெண் மோனிஷாதான் வழி சொன்னாள். “அண்ணா, உங்க பொண்டாட்டிய நினைச்சுக்கிட்டுத் திட்டுங்க.”

“அப்பிடி நெனச்சா வாயே தொறக்காதுங்கம்மா.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வயிற்றில் கட்டியிருந்த தலையணை நழுவிக் கீழே விழுந்தது. காட்சிக்குக் காட்சி நடுவே அதையே முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்து இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி தின்றாள். குளிரில் நடுங்கியவளுக்குக் குழந்தைவேல் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். பதினோராவது தடவை எப்படியோ கத்தித் தள்ளிவிட்டு, காட்சி முடிந்ததும் அதே ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டுபோய் லாட்ஜ் வாசலில் இறக்கினார். நடந்தது இவ்வளவுதான்.

டிவியில் வந்தது வேறு. மூன்று இடி, ஐந்து மின்னல், குழந்தைவேலின் மீசை மட்டும் திரை முழுக்க ஆறு தடவை. அன்றைக்குக் கண்ணாயி உலை வைக்கவில்லை.

“ஏனுங்க, அந்தப் புள்ள பனியில கெடக்குது. உங்களுக்கு எப்பிடீங்க சோறு எறங்கும்?”

“ஏ புள்ள, அது தலையணை புள்ள!”

“தலையணையா இருந்தா? அதுக்குன்னு தள்ளி உட்டர்றதுங்களா?”

“அந்தப் புள்ள அன்னிக்கே போயிருச்சு. நாந்தேன் பத்தரமா லாட்ஜுல கொண்டுபோயி உட்டனே.”

“லாட்ஜுலயா?”

அந்த விளக்கத்தை அவர் அத்தோடு விட்டுவிட்டார்.

சீரியல் ஆயிற்றே, ஒரு ராத்திரிப் பனியை ஒரு வாரம் காட்டினார்கள். ஒரு வாரமும் சுகந்தி ரோட்டிலேயே கிடந்தாள். எட்டாம் நாள் அடித்த காற்றில் சில்வர் ஓக் மரங்கள் கரண்டுக் கம்பிமேல் சாய்ந்து மாரமங்கலம் பன்னிரண்டு நாள் இருட்டில் கிடந்தது. கரண்டு வந்த அன்றைக்கு வெள்ளையன் ஓடிப்போய் டிவியைப் போட்டால் சுகந்தி சமையல்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டு நிற்கிறாள். ஆனால் ஆள் வேறு. இடையில் மோனிஷா விலகிவிட்டாளாம், இவருக்குப் பதில் இனி இவர் என்று எழுத்துப் போட்டிருப்பார்கள். கரண்டு இல்லாத ஊருக்கு அந்த எழுத்து எப்படித் தெரியும்?

வெள்ளையன் திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று பார்த்தார். “இது யாரு? இது நம்ம சுகந்தி இல்லியே. அப்ப நம்ம புள்ள எங்க?”

ஊரே திரும்பிக் குழந்தைவேலைப் பார்த்தது.

அன்றிலிருந்து அந்த வளைவுக்குச் சுகந்தி வளைவு என்று பெயர். பஸ் கண்டக்டர்கூட அப்படிச் சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறார். குழந்தைவேலின் ஜீப்பில் போகும் மற்றப் பெண்கள் அந்த வளைவு வந்ததும், “நிறுத்துங்க” என்பார்கள். வரிசையாக இறங்கி, வளைவை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். மழையானாலும் சரி, தலையில் பலாப்பழம் இருந்தாலும் சரி. சீரியல் முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இறங்குவது மட்டும் முடியவில்லை. நான்கு வருஷத்தில் குழந்தைவேலின் காலே பழகிவிட்டது, யாரும் சொல்லாமலே அந்த இடத்தில் பிரேக்கை மிதிக்கும்.

இந்தக் கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள். மலையில் உள்ள ஜீப்பெல்லாம் கல்யாணத்துக்குச் சேலம் இறங்கிவிட்டன. குழந்தைவேலை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. காலை பத்து மணிக்கு வெள்ளையனின் மருமகள் கலாவுக்கு இடுப்புவலி கண்டது. தலைப்பிள்ளை, நாள் இன்னும் இரண்டு வாரம் இருந்தது. புருஷன் திருப்பூரில் வேலை. நூற்றெட்டு வண்டி வேறொரு அவசரத்துக்குச் சேலம் போயிருந்தது, திரும்பி வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். உள்ளே கலா அலறுகிறாள். எதிரே குழந்தைவேல் வீட்டு வாசலில் ஜீப் நிற்கிறது. வெள்ளையன் அந்த ஜீப்பையே கால் மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு வந்தார். வந்தும் உடனே ஏற்றினாரா? நிபந்தனை போட்டார்.

“மாப்ள, வண்டி எடுக்கோணும்.”

“எடுக்கறனுங்க மச்சான்.”

“வழியில எங்கயும் நிக்கப்படாது.”

“நிக்கலீங்க.”

“ஆரு கண்ணக் காட்டுனாலும் எறக்கி உடப்படாது.”

“நானு என்னைக்குங்க எறக்கி உட்டேன்?”

வெள்ளையன் பார்த்த பார்வையில் மூன்று இடியும் ஐந்து மின்னலும் இருந்தன.

கலாவைப் பின்னால் ஏற்றினார்கள். கண்ணாயியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கூட ஏறினார்கள். டிரைவர் கையை ஒரு கண்ணாலும் மருமகளை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு வெள்ளையன் முன்சீட்டில் உட்கார்ந்தார். பனி கண்ணாடியை அப்பியது. வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுகந்தி வளைவு வந்ததும் குழந்தைவேலின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னாலிருந்த பெண்களும் பழக்கதோஷத்தில் மளமளவென்று இறங்கிவிட்டார்கள். வெள்ளையனும் இறங்கினார். பின்பக்கம் வந்து கலாவின் கையைப் பிடித்தார்.

“எறங்கு கண்ணு. நாலு எட்டு நடந்து தாண்டீட்டா ஒண்ணும் ஆவாது.”

கவனித்தீர்களா? அதே வளைவு, அதே பனி, அதே ஜீப், நிறைமாதப் பெண். கையைப் பிடித்துக் கீழே இறங்கச் சொல்கிறவர் யார்? நான்கு வருஷமாகத் தர்மத்தைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த வெள்ளையன். தலையணை மட்டும்தான் இந்தத் தடவை இல்லை.

கலா இரண்டு கையாலும் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத பெண் தொண்டை கிழியக் கத்தினாள். “மாமா! அந்தச் சுகந்தி என்னமோ ஆயிட்டுப் போறா! எம்புள்ள இங்கயே பொறந்துருமாட்ட இருக்குது! வண்டிய எடுக்கச் சொல்லுங்க!”

வெள்ளையன் கையை விடவில்லை. குழந்தைவேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கலாவின் முகம் வெளுத்துக்கிடந்தது. அவர் கியரைப் போட்டார். வண்டி கிளம்பியதும் மாமனாரின் பிடி தானாக நழுவியது. கண்ணாயி மட்டும் ஓடிவந்து பின்னால் தொற்றி ஏறி, கலாவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். மற்றவர்கள் ரோட்டில் நின்றார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குழந்தைவேல் ஆட்களைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனார். டிவிக்காரன் இல்லாத நேரம் பார்த்து.

பன்னிரண்டே முக்காலுக்கு ஏற்காடு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். நர்ஸம்மா பிளாஸ்க்கை நீட்டி, “வெந்நி வாங்கிட்டு வாங்க” என்றார். குழந்தைவேல் ஒண்டிக்கடைக்குப் போனார்.

“மாஷா அல்லா! பொம்பளப் புள்ளைங்களா?” என்று சிக்கந்தர் பாய் பாய்லர் குழாயைத் திறந்தார். பிளாஸ்க் நிறைகிற சத்தம் அவருக்கு எதையோ ஞாபகப்படுத்தியது. “ஏனுங்க குழந்தைவேலு, அன்னிக்குச் சூட்டிங்கு நடந்தப்ப அந்த மாமியாரம்மா முழங்கால் வலின்னு வெந்நிக்கு இத்தன தூரம் கார்ல வந்துச்சுங்க. உங்க வண்டியிலதான் வெந்நி பிளாஸ்க் இருந்துச்சாமே. கேட்டுச்சாம். உங்க காதுல உழுகலியாட்ட.”

“உழுந்துச்சு பாய்.”

“பொறவு?”

“சுகந்தி நகையெல்லாம் அவதானுங்களே புடுங்கி வெச்சிருந்தா.”

பாய் குழாயை மூடினார். பிளாஸ்க்கைத் துடைத்துக் கையில் கொடுத்தார். தலையணையைக் கண்ணால் பார்த்த மனிதர், மீசையைக் கடன் கொடுத்து நான்கு வருஷம் பட்ட மனிதர், அந்தக் குழந்தைவேலே இப்படி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு டிவியில் நீங்கள் எந்த முகத்தைக் கண்டதும் ரிமோட்டைத் தேடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைத்தெருவில் அந்த முகம் எதிரே வந்து, “ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகோணும்?” என்று கேட்டால், சரியான வழியைத்தான் சொல்வீர்களா?

குழந்தைவேல் வெந்நீரோடு திரும்பியபோது ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளையன் நின்றிருந்தார். சுகந்தி வளைவிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு டிக்கெட் என்று வாங்கி பஸ்ஸில் வந்திருக்கிறார். துண்டு, தலை, புருவம் எல்லாம் பனி ஈரம். பேத்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. வந்தவர் குழந்தைவேலின் இரண்டு கையையும் பிளாஸ்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான்கு வருஷத்துக்குப் பிறகு ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று குழந்தைவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்ள, அந்த எடத்துல ஒரு மணி நேரம் நின்னனுங்க. நொம்பக் குளுருங்க.”

“தப்புத்தானுங்க மச்சான். வேற வழி தெரியல.”

“அத உடுங்க, அதச் சொல்ல வரல.” வெள்ளையன் கையை விடாமல் இன்னும் பக்கத்தில் வந்தார். “பொழுது எறங்கறதுக்குள்ள வண்டியத் திருப்பிக்கிட்டு ஒரு எட்டுப் போயி, நாலு வருஷமாப் பனியில கெடக்கற அந்தப் புள்ளையையும் ஏத்திக்கிட்டு வந்துருங்க சாமி.”