ஜில்லுவின் கண்ணுக்குக் கீழே இரண்டு கோடுகள்

ஜில்லுவை அரியலூருக்கு அனுப்பிவிடுவது என்று ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

காரணம் ஒரு நாற்காலி. எங்கள் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கியது. பதினாறு வருடமாகக் கடையிலிருந்து வந்ததும் அதில்தான் உட்காருவேன். அதில் உட்கார்ந்து நான் சொல்லும் எதையும் இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் நாற்காலி என்னுடையது.

எட்டு மாதத்துக்கு முன்பு என் மனைவி வெற்றிச்செல்வியின் அண்ணன் கலைச்செல்வன் அரியலூரிலிருந்து வந்தார். கையில் துணிப்பை. உள்ளே ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டி. அவர் வீட்டு நாய் போட்டது. தங்கைக்குக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் நாற்காலியில் ஜில்லு. தரையில் நான்.

"இறக்கி விடேன் செல்வி."

"இப்பத்தான் கண்ண மூடுச்சு. பாவங்க."

நான் காலை ஏழு மணியிலிருந்து இஸ்திரி மேஜை முன்னால் நிற்கிறவன். அந்தப் பாவம் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சலவைக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் திருப்பூர் சாயப்பட்டறையில் பதினோரு வருடம் துணி வெளுத்தேன். கல்யாண வேட்டியில் கொட்டிய சாம்பார், கரும்பு ஏற்றுகிறவர்களின் சட்டையில் காய்ந்த சாறு, வண்டி கிரீஸ், எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். கடைப் பலகையில் சாமிதுரை சலவையகம் என்ற பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி உண்டு: 'போகாத கறை இல்லை.' நானே யோசித்து எழுதியது.

ஜில்லுவுக்கு உடம்பெல்லாம் பால் வெள்ளை. ஆனால் இரண்டு கண்ணின் உள்மூலையிலிருந்தும் மூக்குப் பக்கமாகச் செம்பழுப்பில் ஒரு கோடு இறங்கும். எப்போது பார்த்தாலும் அழுது ஓய்ந்த முகம். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்வி, இங்க வா. இதப் பாரு."

"என்ன?"

"அழுவுது."

"யாரு?"

"ஜில்லு. எட்டு மாசமா அழுவுது. தடம் விழுந்துபோச்சு பாரு. தாயப் பிரிஞ்ச ஏக்கம்."

வெற்றிச்செல்வி கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். நான் குரலைத் தழுதழுக்க வைத்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது.

"தாயையும் புள்ளையையும் பிரிச்சு வெக்கலாமா? நாம மனுசங்களா? அரியலூருக்கே கொண்டுபோயி அது அம்மாகிட்ட விட்டுருவோம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"ஏக்கம் புடிச்சது நேத்து ஒங்க மீன் துண்டையும் சேத்துத் தின்னுச்சு."

"துக்கத்துல சில பேரு கூடுதலா சாப்புடுவாங்க."

"தெரியும். பதினாறு வருசமாப் பாக்கறேன்."

மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு வீரம்மாள் தலை எழும்பியது. எனக்கு ஒத்து ஊதுவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். ஜில்லு பிடுங்கிப் போட்ட முருங்கைக் கன்றை அவர் இன்னும் மறக்கவில்லை.

"தம்பி சொல்றது சரிதான் செல்வி. அழுவுற நாய வூட்டுல வெச்சுக்கக் கூடாது."

"அப்படியாக்கா? பேத்தி ஸ்கூலுக்குப் போவும்போதெல்லாம் அழுவுதே. அதையும் அரியலூருக்கு அனுப்பிரலாமா?"

வீரம்மாள் தலை இறங்கிவிட்டது.

அன்று மதியமே வெற்றிச்செல்வி ஜில்லுவைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தாள்.

"ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணுத்தண்ணி வெளிய வழிஞ்சு முடியில ஊறுதாம். ஈரம் காயாம காத்துப் பட்டா செவந்துருமாம். கறுப்பு நாய்க்கும்கூட வருமாம். வெள்ளைங்கறதால நமக்குத் தெரியுது."

"மருந்து?"

"மருந்தெல்லாம் வேணாம். கொதிக்க வெச்சு ஆறுன தண்ணியில பஞ்ச நனச்சு தெனம் ரெண்டு வேள தொடைக்கணும். தொடச்சதும் ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும். செவந்த முடி வெளுக்காதாம். புது முடி வெள்ளையா மொளைக்கற வரைக்கும் பொறுக்கணுமாம். அப்புறம், ஒங்க கடையில இருக்கற எந்த டப்பாவும் நாய் கண்ணுகிட்ட வரக்கூடாதுன்னு சொன்னாரு."

"என்னைப் பத்தி அவருகிட்ட எதுக்குச் சொன்ன?"

"நான் சொல்லல. பலகையப் படிச்சிருக்காரு."

எனக்கு எரிச்சலாக இருந்தது. "தொடச்சா போயிருமா? மனசுல இருக்கற துக்கம் பஞ்சுல போவுமா?"

"ஒரு மண்டலம் பாப்போம். நாப்பத்தெட்டு நாள். அன்னிக்கும் கோடு இருந்தா அரியலூர். நானே கொண்டுபோயி விட்டுட்டு வரேன்."

"போயிருச்சுன்னா?"

"ஜில்லு இங்கயே இருக்கும். ஒங்களுக்குப் புதுசா ஒரு பிரம்பு நாற்காலி வாங்கித் தரேன்."

கோடு இருந்தால் பழைய நாற்காலி. போனால் புது நாற்காலி. இரண்டு பக்கமும் எனக்கே லாபம். பதினாறு வருடத்தில் இவள் இப்படி ஒரு தப்பைச் செய்ததே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் புது நாற்காலி வேண்டாம். நாய் போக வேண்டும். அதற்கு நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இல்லை. சும்மா இருக்க வேண்டும். அந்த வேலையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

முதல் வாரம் எல்லாம் எனக்குச் சாதகமாக நடந்தது. வெற்றிச்செல்வி ஒரு நாள் துடைத்தாள். இரண்டு நாள் மறந்தாள். ஒரு நாள் துடைத்துவிட்டு ஈரத்தை ஒத்தாமல் விட்டாள். கோடுகள் இன்னும் சிவந்தன. நான் தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு கோடுகளையும் அரியலூர் போகிற ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் காலை ஜில்லுவோடு கடைக்கு வந்தாள்.

"வீரம்மாக்காவோட குன்னம் வரைக்கும் போயிட்டு வரேன். ஜில்லு தனியா இருந்தா ஏங்கும்னு நீங்கதானே சொன்னீங்க. பாத்துக்குங்க."

கடை வாசலில், பலகைக்கு நேர் கீழே இருந்த கம்பியில் கட்டிவிட்டுப் போனாள். வேறு இடத்தில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

பத்து மணிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாமிக்கண்ணு சார் வந்தார். பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். சட்டைப் பையில் பேனா மை ஊறியிருந்தது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். குனிந்து ஜில்லுவைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"யாரு நாய் இது?"

"நம்மளதுதான் சார்."

"கண்ணுக்குக் கீழ என்னப்பா?"

"கறைங்க சார்."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"எட்டு மாசமா."

சார் சட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். "நாளன்னிக்கு நான் திருச்சி போறேன். அங்கயே பாத்துக்கறேன்."

அடுத்து சிந்து வந்தாள். செல்போன் கடையில் வேலை செய்கிற பெண். சிரித்துக்கொண்டே ஜில்லுவையும் பலகையையும் சேர்த்துப் படம் எடுத்தாள். நாய் அழகாக இருக்கிறது, அதனால் எடுக்கிறாள் என்று நானும் ஓரமாக நின்று சிரித்தேன். படத்தில் நானும் விழுந்துவிட்டேன். மாலைக்குள் அது பாடாலூர் வரை போய்விட்டது. அங்கிருந்து எனக்குத் தெரியாத ஒருவர் போன் செய்தார்.

"சலவைக் கடைங்களா? நாய்க்குப் போயிருச்சுங்களா?"

மறுநாளும் வெற்றிச்செல்விக்குக் குன்னத்தில் வேலை இருந்தது. அதற்கு மறுநாளும். அந்த மூன்று நாளில் என் கடைக்கு வந்தவை லுங்கியும் போர்வையும் மட்டும்தான். வெள்ளைத் துணி ஒன்றுகூட வரவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். வெற்றிச்செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஜில்லு நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"மூஞ்சியக் காட்டு" என்றேன்.

காட்டியது.

ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. உள்மூலையிலிருந்து மூக்குப் பக்கமாக, கண்ணில் படாமல், ஒரே இழுப்பு. பிறகு மெல்லிய பழைய மல்லுத் துணியால் ஒற்றினேன். பட்டுப்புடவைக்குக்கூட நான் இவ்வளவு மெதுவாகக் கை வைத்ததில்லை. ஐந்தரைக்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டேன். வெற்றிச்செல்வி புரண்டு படுத்தாள். அவள் குறட்டை அன்று வழக்கத்தைவிடச் சீராக இருந்தது.

மாலையில் அவள் கோயிலுக்குப் போகும் நேரம் இரண்டாம் வேளை. அவளுக்கும் அப்போது திடீரென்று பக்தி கூடியிருந்தது. தினமும் போனாள்.

கண்ணை உறுத்துகிற முடியைக் கத்தரிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மதியம் யாருக்கும் தெரியாமல் ஜில்லுவை ஸ்கூட்டரில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

"வாங்க சாமிதுரை. ரெண்டாவது வாரத்துல வருவீங்கன்னு ஒங்க வீட்டம்மா சொன்னாங்க" என்றார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாம் நாள் முடியின் அடியில் வெள்ளை தெரிந்தது. நெல் முளைபோல ஒரு வரிசை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். திருப்பூரில் பதினோரு வருடம் லட்சம் மீட்டர் துணி வெளுத்திருக்கிறேன். எதுவும் தானாக வெள்ளையாக வளர்ந்து வந்து என்னைப் பார்த்து வாலாட்டியதில்லை. முப்பதாம் நாள் கோடு பாதி. நாற்பதாம் நாள் நிழல் மாதிரி. நாற்பத்தெட்டாம் நாள் காலை ஜில்லுவின் முகம் புதுத் தலையணை உறை மாதிரி இருந்தது.

அன்று நான் நடக்கவில்லை, பவனி வந்தேன். ஸ்கூட்டரின் முன்னால் ஜில்லுவை நிற்க வைத்துப் பழைய பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். சிந்துவைக் கூப்பிட்டுப் பலகையின் கீழ் மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். இந்தமுறை நடுவில் நின்றேன். பிறகு நேராகச் சாமிக்கண்ணு சார் வீடு. ஜில்லுவைத் தூக்கி அவர் கண்ணாடிக்கு நேராகக் காட்டினேன். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே போனார். மைக் கறையோடு அந்தச் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"திருச்சியில போகலப்பா."

வீட்டுக்கு வந்து வாசலிலேயே கத்தினேன். "செல்வி! வந்து பாரு! கோடு இருக்கா?"

வெற்றிச்செல்வி கன்னத்தில் கை வைத்தாள். "அய்யோ, சுத்தமாப் போயிருச்சுங்களே! நான் ஒழுங்காத் தொடைக்கக்கூட இல்லையே!"

"யாரு தொடச்சது? நான்! நாலரை மணிக்கு எந்திரிச்சு நான்! போகாத கறை இல்லை!"

கூடத்தில் அந்த வார்த்தை எதிரொலித்து அடங்கிய பிறகுதான் நான் எந்தக் கட்சியை ஜெயிக்க வைத்திருக்கிறேன் என்று நினைவு வந்தது. ஜில்லு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

ஆனால் என் மனைவி சொன்ன சொல் தவறாதவள். மறுநாளே புதுப் பிரம்பு நாற்காலி வந்துவிட்டது. கை வைத்தது, சாய்மானம் உயரமானது, பழையதை ஒட்டி விசிறிக்குக் கீழே. உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டேன். ஊரில் வெள்ளைத் துணி எல்லாம் என் கடையில். நாய் என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த வீட்டில் நானும் ஜெயித்திருக்கிறேன். பதினோரு நிமிடம் அப்படி இருந்தேன்.

வாசலில் கார் வந்து நின்றது. அரியலூர் மச்சான். மனைவியின் அண்ணன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய் அழைப்பது மரியாதை. எழுந்து போனேன்.

"மாப்ள, கைய குடுங்க! செல்வி போட்டோ அனுப்புனா. அசந்துட்டேன்." அவர் கையில் துணிப்பை இல்லை, சங்கிலி இருந்தது. மறுமுனையில் ஒரு பெரிய வெள்ளை நாய். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் வெற்றிலை எச்சில் நிறத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கோடு. "இது டாலி. ஜில்லுவோட அம்மா. நாலு வருசமா இப்படித்தான் இருக்கு. ஒங்களத்தான் நம்பிக் கொண்டாந்திருக்கேன்."

"எத்தனை நாளைக்கு மச்சான்?"

அவர் தங்கையைப் பார்த்தார். வெற்றிச்செல்வி குனிந்து டாலியின் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளா? நீங்கதானேங்க சொன்னீங்க, தாயையும் புள்ளையையும் பிரிச்சு வெச்சா நாம மனுசங்களான்னு. அண்ணன்கிட்ட அத சொன்னேன். அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு."

இப்போது எங்கள் வீட்டில் பிரம்பு நாற்காலி இரண்டு. நான் முக்காலியில் உட்கார்ந்து நாலு கண் துடைக்கிறேன்.