மணிக்கூண்டுக்காரர் விடுதலையான வரலாறு

உலகத்தில் நீதிமன்றங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் தான் செய்த தவறை, யாரும் கேட்காமலேயே, நூறே வருஷத்தில் திருத்திக்கொண்ட நீதிமன்றம் எங்களுடையது ஒன்றுதான். அதன் தலைமைக் குமாஸ்தாவும் திருத்த விழாக் கமிட்டியின் செயலாளருமான அடியேன் இதைச் சொல்வதில் தற்பெருமை துளியும் இல்லை. உள்ள பெருமையைத்தான் சொல்கிறேன்.

சரித்திரப் புகழ்பெற்ற ‘மணிக்கூண்டு வழக்கு’ இதுதான். நூறு வருஷத்துக்கு முன்பு கவர்னர் ஊருக்குள் நுழைந்தபோது மணி அடிக்கவில்லை. ராஜத் துரோகம் என்று மணி அடிப்பவர் மேல் வழக்குப் போட்டார்கள். விசாரணை அன்று டவாலி அவர் பெயரை மூன்று முறை கூவினார். ஆயுசெல்லாம் மணியடித்துக் காது போன மனுஷன் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். “அழைத்தும் வராதவன் குற்றவாளி” என்று தூக்கில் போட்டுவிட்டார்கள். எங்கள் கட்டடத்துக்குப் புகழ் வந்தது அப்படித்தான்.

அதே ஹாலில், அதே கூண்டில் வழக்கை மறுபடி நடத்தி அவரை விடுதலை செய்வதென்று கமிட்டி முடிவு செய்தது. வக்கீல் வேஷத்துக்குச் சிபாரிசுகள் குவிந்தன. ஜட்ஜ் வேஷத்தைப் பெரிய ஜட்ஜே எடுத்துக்கொண்டார். குற்றவாளி வேஷத்துக்குத்தான் ஆளில்லை. “என் மாமனார் பார்க்க வர்றாரு சார்” என்று டைப்பிஸ்ட் நழுவிவிட்டார்.

விழா நாளும் வந்துவிட்டது. வராந்தாவில் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதென்று ஒருவன் கூப்பிட, போய்ப் பூட்டைத் திறந்துகொடுத்தவர். திறந்த பிறகுதான் அது கூப்பிட்டவனுடைய அண்ணன் வீடு என்று தெரிந்தது. திருட்டு வழக்கு, ஜாமீனில் இருந்தார். அன்றைக்கு அந்த அண்ணனே வந்து “இவர் மேல தப்பில்லை” என்று சாட்சி சொல்லிவிட்டு, மாலையில் ஒரேயடியாக வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

பூட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். குற்றவாளிக்குப் பத்துப் பொருத்தமும் இருந்தது.

“மாஸ்டர், கொஞ்ச நேரம் கூண்டுல வந்து நில்லுங்க.”

“ஐயோ சார், ரெண்டாம் ஹால்ல என் கேஸ் இருக்கு!”

“அது மத்தியானத்துக்கு மேலதான் வரும். இந்தக் கட்டடத்துலயே தலை நரைச்சவன் சொல்றேன்.”

“வேண்டாங்க, கூப்பிடுறப்ப இல்லேன்னா வம்பாயிடும்” என்றாள் மனைவி.

“ஏம்மா, நிரபராதின்னு தீர்ப்பு சொல்லிப் பூச்செண்டு குடுக்கப் போறோம். கசக்குதா?”

“அந்தத் தீர்ப்பை அவர் கேஸ்லயே சொல்லிடுங்களேன்!”

சரித்திர ஞானம் இல்லாத பெண். இருந்தாலும் மன்னித்தேன். அவருக்கு நீளக் கோட்டை மாட்டி, “உங்களுக்குக் காது கேக்காது, என்ன ஆனாலும் அசையக் கூடாது” என்று சொல்லிக் கூண்டில் ஏற்றினேன்.

பெரிய ஜட்ஜ் முழங்கினார்: “கூப்பிட்டபோது வரவில்லை என்பதற்காக ஒரு மனிதனைத் தண்டிப்பது காட்டுமிராண்டித்தனம்! ஏன் வரவில்லை என்று எழுந்து போய்ப் பார்க்க ஒருவருக்குமா கால் இல்லை?” சபை மூக்கைச் சிந்தியது.

அடுத்த ஹாலின் சின்ன ஜட்ஜுக்கு விழா விருந்தைத் தவறவிட மனசில்லை. சர்வீஸிலேயே முதல் தடவையாகக் காலையிலிருந்தே வழக்குகளை மளமளவென்று முடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டவாலி பூட்டுக்காரரின் பெயரைக் கூவினார்.

பூட்டுக்காரர் துள்ளினார். “சார், என் பேரு!”

“உமக்குத்தான் காது கேக்காதேய்யா!” என்று பல்லைக் கடித்தேன்.

இரண்டாம் முறை கூவினார். “சார், கும்பிடுறேன், விடுங்க!”

“சரித்திரத்தைக் கெடுக்காதீங்க!”

மூன்றாம் முறையும் கூவினார். பூட்டுக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டார். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததே இல்லை என்று கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ரெண்டாம் ஹாலில் அவர் மனைவி, “பக்கத்து ஹால்ல கூண்டுல நிக்கிறாருங்க!” என்று கத்தியிருக்கிறாள்.

“ஒரு ஆள் ஒரு கூண்டுலதான்மா நிக்கணும். இந்தக் கூண்டுல இல்லையே?” என்று சின்ன ஜட்ஜ் ஜாமீனை ரத்து செய்து வாரண்ட் போட்டார். சாட்சி சொல்ல வந்த அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பிவிட்டார்.

இந்தப் பக்கம் மணிக்கூண்டுக்காரர் விடுதலை! பூச்செண்டோடு வெளியே வந்தவரை வாசலிலேயே பிடித்தார், சபையில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிய கான்ஸ்டபிள். “கண்ணுல தண்ணி வரவெச்சுட்டய்யா. சரி, நட.”

மனைவி என் வழியை மறித்தாள். “நீங்கதானே சார் கூட்டிட்டுப் போனீங்க? ஜட்ஜய்யாகிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க!”

சொல்லியிருப்பேன். ஆனால் எழுந்து போய்ப் பார்ப்பது யாருடைய இலாகா என்று பெரிய ஜட்ஜ் தம் தீர்ப்பில் குறிப்பிடவில்லை. அதோடு பந்தியும் போட்டுவிட்டார்கள்.

“அழாதேம்மா. நம்ம கோர்ட்டு தப்பைத் திருத்தாம விட்டதே கிடையாது.”

“எப்ப சார் திருத்துவீங்க?”

கோட்டைத் துவைத்து, மடித்து, பீரோவில் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த நூற்றாண்டு விழாவுக்கு வழக்குத் தேடிக் கமிட்டி அலைய வேண்டியதில்லை. இன்றைக்கே ஒன்று தயார் செய்து கொடுத்துவிட்டோம்.